மறு: ஸ்னோஸ்கேட்டுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஸ்னோஸ்கேட், அதாவது பனியில் சறுக்கும் சக்கரமில்லாத ஸ்கேட்போர்டு, அதற்கு நம் குழுவில் சொல்லப்பட்ட பெயர்களில் 'சக்கரமிலிப் பலகை' எனக்கு ஒப்பவில்லை. இல்லாததை வைத்துப் பெயர் சூட்டினால் வீட்டில் காய் நறுக்கும் பலகைக்கும் அது பொருந்துமே. 'பனிச்சறுக்குப் பலகை' ஏற்கெனவே ஸ்னோபோர்டுக்குப் போய்விட்டது. போதாததற்கு, உருண்டு ஓடும் ஸ்கேட்போர்டைச் 'சறுக்குப்பலகை' என்று எழுதிப் பழகிவிட்டோம். இப்போது சக்கரத்தைக் கழற்றி நிஜமாகவே சறுக்கும்போது சொல் இல்லை! 'பனிமட்டை' அழகுதான், ஆனால் தட்டச்சில் ஓர் எழுத்து தவறினால் பனைமட்டை.

ஸ்னோபோர்டிலிருந்து ஸ்னோஸ்கேட்டைப் பிரிப்பது கால்கட்டு. அங்கே இரண்டு பூட்ஸையும் வார்போட்டுப் பலகையோடு இறுக்கிவிடுவார்கள். இதில் கால் சும்மா மேலே நிற்கிறது. அதனால்தான் பலகையைத் தட்டி எழுப்பி, காற்றில் சுழலவிட்டு, மறுபடி அதன்மேலேயே இறங்க முடிகிறது. விழுந்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

பழைய ஸ்கேட்போர்டின் சக்கரத்தையும் அச்சையும் கழற்றிவிட்டும் ஓட்டலாம். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் உப்புத்தாளில் பனி அப்பிக்கொள்ளும். இதற்கென்றே செய்த பலகையில் மேலே நுரைப்பஞ்சு, அடியில் நேராக ஓடுவதற்கு நீளவாக்கில் பள்ளக்கோடுகள். விளிம்பில் எஃகு கிடையாது என்பதால் வெறும் பனிக்கட்டியில் பிடிப்பு இருக்காது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். அடியில் குட்டி ஸ்கீ (பனியில் சறுக்க உதவும் நீண்ட, ஒடுக்கமான பட்டை) பொருத்திய இரட்டைத்தட்டு வகையும் உண்டு. அதிலும் கால் கட்டப்படுவதில்லை.

இன்னொன்று, கட்டாத பலகைதான் மூத்தது. 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்தார். அதில் கால்கட்டு இல்லை. ஸ்னோவையும் சர்ஃபரையும் ஒட்டி 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தது அவர் மனைவி. ஒரு குழு விவாதமும் தேவைப்படவில்லை அவருக்கு!

சரி, என் பரிந்துரை: ஸ்னோபோர்டு 'கட்டுப்பலகை', ஸ்னோஸ்கேட் 'விடுபலகை'. தேவைப்பட்டால் முன்னால் 'பனி' சேர்க்கலாம். விடுபலகை, சுடுநீர் மாதிரி வினைத்தொகை. ஆகவே ஒற்று மிகாது, 'விடுப்பலகை' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் லீவு எடுத்த பலகை போல இருக்கிறது.

வினைக்கு விடுபலகை 'ஓட்டுதல்' என்பதா, 'சறுக்குதல்' என்பதா? என் வாக்கு 'சறுக்கு'க்கு. ஸ்கேட்போர்டுக்காரர்கள் வேண்டுமானால் 'உருள்பலகை'க்கு மாறிக்கொள்ளட்டும்.