மறு: ஆம்பியன்ட் இசைக்குச் சொல்: ‘சூழிசை’ பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நீண்டொலிக்கும் சுரங்களால் கேட்பவரை மெல்லச் சூழ்ந்துகொள்ளும் ஆம்பியன்ட் (ambient) இசைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற நம் பேச்சில் ‘பின்னணியிசை’, ‘மயக்கிசை’, ‘மின்னணு’ என்ற அடை சேர்த்த பெயர், ‘சுருதியிசை’ ஆகியவை வந்துள்ளன. இவற்றுள் தில்லி நண்பர் முன்வைத்த ‘பின்னணியிசை’யை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அச்சொல்லைத் திரையுலகத்துக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். ‘மயக்கிசை’ காதுக்கு இனிமைதான். ஆனால் விளையும் உணர்வைக் கொண்டு இவ்வகைக்குப் பெயரிட முடியுமா என்பதே என் ஐயம். நேற்றிரவு பெங்களூரின் அல்சூரில் என் அறையில், சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) மூன்று சுரங்களை மட்டும் அழுத்திப் பிடித்து, ஒலி முழுதாக எழ நான்கு விநாடி ஆகும்படி வைத்துக்கொண்டு, அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரின் குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். மேல் அதிர்வெண்கள் அடைபட்டிருந்தவரை போர்வைக்குள் கிடப்பது போன்ற அமைதி இருந்தது. குமிழ் பாதி திரும்பியதும் அதே சுரங்கள் கண்கூசும்படி விரிந்தன. இரண்டாம் ஆசிலேட்டரின் (ஒலியலையை உண்டாக்கும் பகுதி) சுருதியை மயிரிழை விலக்கியதும் ஒலி ஏறி இறங்கத் தொடங்கி (இதை நம் இயற்பியல் பாடநூல் ‘விம்மல்’ என்கிறது, எவ்வளவு பொருத்தமான சொல்!) இனம்புரியாத கலக்கம் வந்தது. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் (உடலில் வெளிப்படும் உணர்வுநிலைகள்) மருட்கையும் (வியப்பும்) அச்சமும் இங்கே ஒரு குமிழ்த் திருகலில் இடம் மாறிவிடுகின்றன.

‘மின்னணு’ என்ற அடையும் வேண்டியதில்லை. ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் ஆம்பியன்ட் என்ற பெயரோடு வெளியிட்ட, விமான நிலையங்களுக்கான இசைத்தொகுப்பிலேயே பியானோவும் மனிதக் குரல்களும் உண்டு. வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்கள் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றோடொன்று புதிது புதிதாக இணைகின்றன.

‘சுருதியிசை’ சற்று நெருங்கி வருகிறது. ஆயினும் தம்புரா மீட்டப்படும்போது பாடகர் ஒருவர் வருவார் என்று மனம் காத்திருக்கும். இங்கே பாட எவரும் வருவதில்லை.

ஆகவே ‘சூழிசை’ என்பதை முன்மொழிகிறேன். இது வினைத்தொகை: சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்று நன்னூல் வினைத்தொகைக்கு இலக்கணம் சொல்கிறது. தாளக்கட்டைப் பெரும்பாலும் கைவிட்டு, எங்கே தொடங்கியது என்பதையே மறக்கச் செய்யும் ஓர் இசைவகைக்கு, காலத்தைத் தன்னுள் ஒளித்துவைத்திருக்கும் சொல்லை விடப் பொருத்தமாக எது அமையும்? ‘சூழ்’ என்பதில் சூழ்ச்சியின் வாடை அடிக்கிறது என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்னும் குறளில் அது ஆராய்ச்சியையே குறிக்கிறது. தவிர, ‘சுற்றுச்சூழல்’ என்று நாள்தோறும் எழுதும் நாம் அங்கே வஞ்சகத்தை நினைப்பதில்லை. திரையரங்குகளின் சரவுண்ட் சவுண்டுக்குச் ‘சூழொலி’யை ஒதுக்கிவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

சிந்தசைசரை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து. ‘தொகுப்பி’ என்று எழுதினால், இந்தப் பெங்களூரில் பாதிப் பேர் கம்பைலர் (கணினி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) என்றுதான் படிப்பார்கள்.