வீட்டைக் காட்டினால் ஆள் காலி: சமையல் போட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள்

கடுகு தாளிப்பு:

என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பத்து வருடத்துக்கும் மேலாக மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவை என்னோடு உட்கார்ந்து விடாமல் பார்க்கிறார். முதல் வாரம் முடிவதற்குள் எல்லாருக்கும் பெயர் வைத்துவிடுவார். எதைச் செய்தாலும் மேலே சோப்புத் தண்ணீர் மாதிரி ஊற்றுகிறவன் நுரைக்காரன். ஒரு எலுமிச்சம்பழம் எடுக்கக்கூட நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறவள் ஓட்டக்காரி. யார் ஜெயித்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர் புலம்பல் அக்கா. அடுத்த சீசனில் ஆட்கள் மாறுவார்கள், பெயர்கள் மட்டும் மாறாது. "போன நுரைக்காரனுக்காவது கை ருசி இருந்துச்சு, இவனுக்கு அதுவும் இல்ல" என்பார்.

இன்னொரு விஷயம், அன்றைக்கு யார் வெளியே போவார்கள் என்று பாதி நிகழ்ச்சியிலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "இத்தனை நாளா அவன் வீட்டைக் காட்டல. இன்னிக்கு பொண்டாட்டி, புள்ளை, நாய்க்குட்டி எல்லாத்தையும் காட்டுறான். அனுப்பப் போறான்னு அர்த்தம்" என்றார்.

2009இல் வந்த முதல் சீசனில் ஜெயித்த ஜூலி குட்வின் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா. வீட்டுச் சமையல்தான் அவருடைய பலம். எதிரே நின்ற போ லிங் இயோவுக்குத் துணிச்சலும் கற்பனையும் அதிகம். அந்த அம்மா ஜெயித்த பிறகு எல்லா சீசனிலும் ஒரு அம்மா கட்டாயம் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "நம்மாளு".

நீங்களும் சொல்லுங்கள். டிவியில் பார்த்தவர்களாக இருந்தாலும் சரி, நேரில் மாட்டியவர்களாக இருந்தாலும் சரி.

கோவை அத்தை:

நேரில் மாட்டியதைத்தானே கேட்கிறீர்கள்? மாட்டியது நானேதான்.

எங்கள் அடுக்ககத்தில் பொங்கலுக்கு ஒரு சமையல் போட்டி வைத்தார்கள். நான் செய்தது கொள்ளுப் பருப்பும் அரிசிப் பணியாரமும். நடுவராக வந்தவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், முந்தின ராத்திரி யூடியூபில் கற்றுக்கொண்டது. ஆனால் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "எங்க பாட்டி விறகடுப்புல செய்வாங்க. அந்த வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு." சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது. அதையும் நான் வேண்டுமென்று செய்யவில்லை, தானாகவே வந்தது. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கியது.

என் பாட்டிக்கு ரசம்கூட ஒழுங்காக வராது. தாத்தா கடைசிவரை தன் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டார்.

இரண்டாம் பரிசு, ஒரு தோசைக்கல். முதல் பரிசு வாங்கியவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா நேரிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அதோடு எப்படிப் போட்டி போடுவது?

நைட்ஷிஃப்ட்:

அத்தை, உங்களுக்குத் தானாக வந்ததை வரவழைக்கச் சம்பளம் வாங்கியவன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு சமையல் போட்டியில் உதவியாளனாக வேலை பார்த்தேன். எந்தச் சேனல் என்று சொல்ல மாட்டேன்.

சமைக்கும்போது நடுநடுவே போட்டியாளர் தனியாக உட்கார்ந்து பேசுவதைக் காட்டுவார்கள் இல்லையா, அது அப்போது எடுப்பது இல்லை. எல்லாம் முடிந்து, சில சமயம் இரண்டு நாள் கழித்து, அதே சட்டையைப் போட வைத்து எடுப்போம். "இப்ப நடக்கிற மாதிரியே சொல்லுங்க சார். 'பயமா இருந்துச்சு' வேண்டாம், 'பயமா இருக்கு'ன்னு சொல்லுங்க." ஒரு வாக்கியத்தின் முன்பாதி செவ்வாய்க்கிழமை பேசியது, பின்பாதி வெள்ளிக்கிழமை பேசியது. இரண்டுக்கும் நடுவே அடுப்பைக் காட்டிவிட்டால் ஒட்டு தெரியாது.

தேர்வுக்கு வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் சமையல் பற்றி நாலைந்து கேள்வி இருக்கும். மீதி எல்லாம் வாழ்க்கை. உங்கள் பெரிய இழப்பு எது, உங்களை யாரும் நம்பாமல் போன நேரம் எது, இப்படி. ஒரு பெண் வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். மீன்குழம்பு வைத்தாரென்றால் கேமராக்காரர்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அந்தப் படிவத்தில் அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்து அப்பாவைப் பற்றி நான் ஐந்து முறை கேட்டேன். நாலு முறை "நல்லவர்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாவது முறை அழுதார். நிகழ்ச்சியில் கடைசிவரை அவர் 'அப்பாவுக்காகச் சமைக்கும் மகள்'. பார்த்தவர்களில் யாருக்கும் அந்த மீன்குழம்பு நினைவில் இருக்காது. எனக்கு இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டாப் செஃப் நிகழ்ச்சியில் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். வெற்றியையும் வெளியேற்றத்தையும் தயாரிப்பாளர்களோடு கலந்துபேசி நடுவர்கள் முடிவு செய்தார்கள் என்று இருக்கும். அவர்களாவது எழுதிப் போடுகிறார்கள்.

ஈப்போக்காரன்:

கைப்பக்குவம் பேசும் ஆட்களில் இன்னொரு வகை உண்டு, ஊர் உணவைக் கொண்டுவந்து அடிவாங்குகிறவர். 2018இல் இங்கிலாந்தின் மாஸ்டர்செஃப்பில் எங்கள் மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் கோழி ரெண்டாங்கும் வைத்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் கிரெக் வாலஸ் குறை சொல்ல, அவர் வெளியே போனார்.

ரெண்டாங் என்பது தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் வேகிற கறி. அதில் எங்கிருந்து மொறுமொறுப்பு வரும்? சாம்பாரில் போட்ட வடை ஏன் நமுத்திருக்கிறது என்று கேட்பது மாதிரி. மறுநாள் காலை மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை அது, தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் குடிக்கப் போனேன். மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லா மேஜையிலும் இதே பேச்சு. பக்கத்து மேஜைச் சீனப் பெரியவர் என்னைப் பார்த்து, "உங்க அம்மா ரெண்டாங் மொறுமொறுன்னா இருக்கும்?" என்று கேட்டார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், யாரும் யாரோடும் நிம்மதியாகப் பேசமுடியாத காலம். அப்போது பிரதமராக இருந்த நஜிப் ரசாக் உட்பட நாடே ஒரே கட்சியில் இருந்தது, கோழித் தோல் விஷயத்தில் மட்டும்.

தவாக்காரன்:

பதினாறு வருடமாக ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன். எனக்குப் பிடித்த ஆள் ரிசோட்டோக்காரர், ரிசோட்டோ என்பது குழைவாகச் செய்யும் இத்தாலிய அரிசிச் சோறு. எந்த நாட்டு நிகழ்ச்சியாக இருந்தாலும் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "இன்னிக்கு ரிசோட்டோ" என்பார். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அது ஏன் ஆளைக் கவிழ்க்கிறது என்றால், அந்த அரிசி வேக ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூப்பு ஊற்றிக் கிளறவேண்டும். இறக்கியவுடன் சாப்பிட்டால்தான் அது தட்டில் வழிந்து பரவும். போட்டியில் இறக்கியவுடன் யார் சாப்பிடுகிறார்கள்? கையைத் தூக்கி நிற்கவேண்டும், கேமரா தட்டை நாலு பக்கமும் எடுக்கவேண்டும், அப்புறம் வரிசை. வெண்பொங்கலை இறக்கி அரைமணி நேரம் விட்டால் கரண்டி நட்டமாக நிற்குமே, அந்தக் கதைதான். அந்த ஆள் கெட்ட சமையல்காரர் இல்லை. தப்பான இடத்தில் சரியான பண்டத்தைச் செய்தவர்.

நுரைக்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டாப் செஃப்பின் இரண்டாவது சீசனில், 2006இல் தொடங்கியது, மார்செல் விக்னெரோன் என்று ஒருவர். எதற்கெடுத்தாலும் நுரை. கூட இருந்தவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் ராத்திரி அவரைப் பிடித்து அமுக்கித் தலையை மழிக்கப் பார்த்தார்கள். பிடித்து அமுக்கியவரை நிகழ்ச்சியிலிருந்தே நீக்கினார்கள். மார்செல் இரண்டாம் இடம் வரை வந்தார். அந்த சீசனிலிருந்துதான் சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி அதை நடத்த ஆரம்பித்தார். அடுத்த சீசனில் ஹங் ஹுயின் வந்தார், கத்தியில் புயல். கோழியை அவர் துண்டு போடும் வேகத்தைப் பார்த்து எங்கள் சமையலறையில் கைதட்டினோம். நடுவர்களோ, கை சுத்தம் சரி, சாப்பாட்டில் நீ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வியட்நாமிலிருந்து வந்த தன் குடும்பத்தைப் பற்றிப் பேசினார், ஜெயித்தார். நைட்ஷிஃப்ட் தம்பி சொன்ன படிவம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு எங்களிடம் வேலைக்கு ஒரு பையன் வந்தான். முதல் நாள், கையில் இடுக்கி. கொத்துமல்லி இலையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். குளிரறைக்கு எதற்கோ அனுப்பினேன், டிவியில் ஓடுவது மாதிரி ஓடினான். கொதிக்கும் எண்ணெயும் கத்தியும் இருக்கிற இடத்தில் ஓடக்கூடாது என்பதுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். வழுக்கி விழுந்தான். நல்லவேளை, கையில் இருந்தது தயிர். இப்போது நன்றாக வேலை செய்கிறான், இடுக்கி என்று கூப்பிட்டால்தான் திரும்புவான்.

சுக்குக் காபி:

வேலையை விட்டுவிட்டு வந்தவரை யாரும் சொல்லவில்லையே! மாஸ்டர்செஃப் இந்தியாவின் முதல் சீசனில், 2010இல், பங்கஜ் பதௌரியா ஜெயித்தார். லக்னோவில் ஆசிரியையாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுப் போட்டிக்கு வந்தார். அதைப் பார்த்து என் மச்சான் ஒரு தேர்வுச் சுற்றுக்குக் கிளம்பினார். ராஜினாமா கடிதத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தார். காலை நாலு மணிக்குச் சமைத்து ஹாட்பேக்கில் எடுத்துப்போன மட்டன் சுக்காவை மதியம் இரண்டரைக்குத் திறந்தார்கள். கொழுப்பு உறைந்து வெள்ளையாக நின்றதாம். திங்கள்கிழமை வழக்கம்போல அலுவலகம் போனார். கடிதத்தின் பின்பக்கத்தில் இப்போது மளிகைப் பட்டியல்.

பச்சரிசி:

வில்லன் வகையைப் பற்றி ஒன்று. தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப் என்ற கேக், ரொட்டி சுடும் போட்டி, 2014. பேக்ட் அலாஸ்கா செய்கிறார்கள், உள்ளே ஐஸ்கிரீம் இருக்கும் இனிப்பு அது. கொளுத்தும் வெயில். ஒருவருடைய ஐஸ்கிரீமை வயதான ஒரு பெண் போட்டியாளர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார் என்பது மாதிரி காட்டினார்கள். அது உருகியது, அதைச் செய்தவர் கோபத்தில் மொத்தத்தையும் குப்பைத்தொட்டியில் போட்டார். நடுவர்கள் முன்னால் அந்தத் தொட்டியையே கொண்டுபோய் வைத்து அன்றைக்கே வெளியேறினார். நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பிபிசிக்கு 800க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அந்த அம்மாவை நாடே திட்டியது. நானும் திட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் தொகுப்பாளர்களில் ஒருவரே, அது வெளியே இருந்தது 40 விநாடிதான் என்று எழுதினார். எங்கள் பெரியம்மா ஒருவரைக் குடும்பமே இருபது வருடமாக வில்லியாக வைத்திருந்தோம், ஒரு கல்யாணத்தில் பாயசம் தீய்ந்துபோனதற்காக. அன்றைக்கு அடுப்பைப் பெரிதாக்கியது வேறு யாரோ என்று போன வருடம்தான் தெரிந்தது.

மிளகாய்ப்பொடி:

இதற்குத்தான் எனக்கு குக் வித் கோமாளி பிடிக்கும். 2019இல் விஜய் டிவியில் வந்த நாளிலிருந்து இவர் கோமாளி, இவர் சமைப்பவர் என்று ஒளிக்காமல் சொல்லித்தான் நடத்துகிறார்கள். செஃப் தாமு சிரிப்பார், கோமாளி முட்டையைக் கீழே போடும். பார்க்கிற நமக்கு மனக்கஷ்டம் இல்லை.

கடுகு தாளிப்பு:

எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பாட்டிக்கு ரசம் வராத இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். நைட்ஷிஃப்ட் எழுதியதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு குழம்புக்கு என்ன மீன் போட்டுச்சாம், கேளு" என்றார். தம்பி, பதில் சொல்லுங்கள்.

மாமியாருக்கும் ஒரு கதை உண்டு. 2021இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவில் வங்கதேசக் குடும்பத்தைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி இறுதிச் சுற்றில் பாந்தா பாத் வைத்தார். வேறொன்றுமில்லை, நம் பழைய சோறுதான். புகையூட்டிய நீராகாரம், உருளைக்கிழங்கு மசியல், மத்தி மீன். நடுவர்கள் உருகிப்போனார்கள். அந்த சீசனில் ஜஸ்டின் நாராயண் ஜெயித்தார், கிஷ்வருக்கு மூன்றாம் இடம். மாமியாருக்கு முதலில் கோபம். "பழைய சோத்துக்கா இத்தனை கண்ணீர்? அதைச் சாப்பிட்டதுக்காக எங்களைக் கேலி பண்ணாத ஆள் உண்டா?" என்று டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அடுப்படியில் சத்தம். எட்டிப் பார்த்தேன். விருந்தாளிகளுக்கென்று மேலே எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கழுவி, அதில் பழைய சோற்றைப் போட்டு மோர் ஊற்றியிருந்தார். நாலு சின்ன வெங்காயம், ஓரத்தில் ஒரு மோர் மிளகாய். அதை நிமிர்த்தி வைத்தார், சரியில்லை என்று படுக்க வைத்தார், மறுபடியும் நிமிர்த்தினார். நான் நிற்பதைப் பார்த்தவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.