எக்கோ நார்மல் என்றாலும் கத்தீட்டர் எதற்கு? (ஸ்க்லெரோடெர்மா, நுரையீரல் ரத்த அழுத்தம்)

தாமரைக்குளம்:
வணக்கம். என் அக்காவுக்கு ஸ்க்லெரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) வந்து 6 வருடம் ஆகிறது. குளிரில் விரல் வெளுப்பது, தோல் இறுகுவது எல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் 3 மாதமாக மாடிப்படி ஏறினால் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறாள். எக்கோவில் (இதய ஸ்கேன்) பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். நுரையீரல் பரிசோதனையில் எஃப்விசி (மூச்சை முழுதாக இழுத்து ஊதும் அளவு) 84 சதவீதம், டிஎல்சிஓ (காற்று ரத்தத்துக்குள் போகும் அளவு) 52. இப்போது ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, இணைப்புத் திசு நோய் மருத்துவர்) ரைட் ஹார்ட் கத்தீட்டர் (இதயத்தின் வலது பக்கம் குழாய் விட்டு அழுத்தம் அளப்பது) செய்யச் சொல்கிறார், கூடவே யூரிக் ஆசிட்டும் பார்க்கச் சொல்கிறார். கேட்டால் டாக்டர் காக்லனின் 'டிடெக்ட்' ஆய்வு என்றார். எக்கோ நன்றாக இருக்கும்போது இதயத்துக்குள் குழாய் விடத்தான் வேண்டுமா? அக்கா ரொம்பப் பயப்படுகிறாள்.

மூச்சுக்காற்று:
அந்தக் கட்டுரையை நான் படித்திருக்கிறேன், சொல்கிறேன். ஜெர்ரி காக்லன் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் இதய மருத்துவர். அதே இடத்தில் ஸ்க்லெரோடெர்மாவையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் கிறிஸ்டோபர் டென்டனும் மற்ற நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. நோய் வந்து 3 வருடம் தாண்டிய, டிஎல்சிஓ 60-க்குக் கீழே இருந்த 466 பேரை எடுத்து, எக்கோ எப்படி இருந்தாலும் சரி என்று எல்லோருக்கும் கத்தீட்டர் செய்தார்கள். அதுதான் இந்த ஆய்வின் பலம், ஏனென்றால் அதற்கு முன்பு எக்கோவில் சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் செய்வதுதான் வழக்கம், அதனால் எக்கோ எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்பதே சரியாகத் தெரியாமல் இருந்தது. 87 பேருக்கு, அதாவது 19 சதவீதம் பேருக்கு, நுரையீரல் தமனியில் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அப்போதைய வழிகாட்டுதலை மட்டும் பின்பற்றியிருந்தால் அவர்களில் 29 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள், டிடெக்ட் கணக்கில் 4 சதவீதம்தான்.

யூரிக் ஆசிட் கேட்டு நீங்கள் குழம்பியது புரிகிறது, நானும் முதலில் மூட்டுவலிக்கு என்றுதான் நினைத்தேன். முதல் படியில் பார்ப்பது எஃப்விசியை டிஎல்சிஓவால் வகுத்த எண் (உங்கள் அக்காவுக்கு 1.6), முகத்திலோ கையிலோ விரிந்த ரத்தக் குழாய்களின் சிவப்புப் புள்ளிகள், ஆன்டி சென்ட்ரோமியர் (இந்த நோயில் ரத்தத்தில் காணும் ஓர் எதிர்ப்பொருள்), என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்), யூரிக் ஆசிட், இசிஜி. இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு, அதிகமாக வந்தால்தான் எக்கோ. அந்த மதிப்பெண்ணோடு எக்கோவையும் சேர்த்துக் கத்தீட்டரை முடிவு செய்வார்கள். மூச்சை இழுத்து ஊதும் அளவு சரியாக இருந்து, காற்று ரத்தத்துக்குள் போகும் அளவு மட்டும் தனியாகக் குறைந்தால் கோளாறு ரத்தக் குழாயில் இருக்கலாம் என்பதால்தான் அந்த வகுத்த எண்ணுக்கு மதிப்பு. ஒரு குறையும் உண்டு: இந்த வழியில் 62 சதவீதம் பேர் கத்தீட்டருக்கு அனுப்பப்படுகிறார்கள், பழைய முறையில் 40.

மழைமேகம்:
அம்மாவுக்கும் இதே நோய்தான் தம்பி. ஒரு மருத்துவமனையில் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தே ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டார்கள், அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கத்தீட்டருக்கு அம்மாவும் பயந்தார். கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு மெல்லிய குழாயை விட்டார்கள், அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார், மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊசி குத்தியதுதான் வலித்தது என்றார். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்:
நன்றி அக்கா, படித்துக் காட்டினேன், கொஞ்சம் தெளிந்தாள். முகத்தில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன, நாங்கள் பரு என்றே விட்டுவிட்டோம். இன்னொன்று, சீக்கிரம் கண்டுபிடித்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

வெண்நாரை:
இதற்கு எல்லோரும் காட்டுவது பிரான்சில் மார்க் அம்பேர் குழு 2011-இல் வெளியிட்டது. தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 8 வருடம் கழித்து 64 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மூச்சு வாங்கி வந்து சேர்ந்தவர்களில் 17 சதவீதம். ஆனால் ஒவ்வொரு பக்கமும் 16 பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. அப்புறம், ஒரே பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாடி ஏறியவரின் பயணம் நீளமாகத் தெரியும், போய்ச் சேர்வது எல்லோரும் ஒரே நேரம்தான். அதுபோல, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, வருடத்தை எண்ணத் தொடங்கியதே முன்னாடி என்பதால் வந்ததாக இருக்கலாம். இருந்தும் நான் சீக்கிரம் பார்ப்பதன் பக்கம்தான், ஏனென்றால் இப்போது மருந்து இருக்கிறது. நுரையீரல் ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஆம்ப்ரிசென்டான், டடலாஃபில் என்ற இரண்டு மாத்திரைகளையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நோய் மோசமாகும் ஆபத்து பாதியாகக் குறைந்ததை 2015-இல் 'அம்பிஷன்' ஆய்வு காட்டியது.

மூச்சுக்காற்று:
அதோடு, கத்தீட்டர் இல்லாமல் அந்த மாத்திரைகளைத் தொடங்க யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். ஸ்க்லெரோடெர்மாவில் ரத்தக் குழாய் கெட்டாலும் அழுத்தம் ஏறும், நுரையீரல் தழும்பாலும் ஏறும், இதயத்தின் இடது பக்கம் விறைத்தாலும் ஏறும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதில் இடது பக்கம் காரணமா இல்லையா என்று பிரித்துச் சொல்வது கத்தீட்டரில் எடுக்கும் வெட்ஜ் அழுத்தம் (இதயத்தின் இடது பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு). அது 15 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் இடது பக்கம் காரணமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட் கையில் வாங்கும்போது நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம், வெட்ஜ், பிவிஆர் (நுரையீரல் ரத்தக் குழாய்கள் ரத்த ஓட்டத்துக்குக் காட்டும் தடை) மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாமரைக்குளம்:
குறித்துக்கொண்டேன். வரும் வியாழன் தேதி கொடுத்திருக்கிறார்கள், அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். முடிந்ததும் அந்த மூன்று எண்களையும் இங்கே போடுகிறேன்.