முழங்கால் வலிக்கு வெதுவெதுப்பான நீர்க்குளம் எங்கே இருக்கிறது?

கோபியில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். தண்ணீருக்குள் நடைப்பயிற்சி செய்யச் சொல்கிறார் மருத்துவர். மார்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்குமாம்.

ஈரோட்டில் ஒரு நீச்சல் குளத்தைப் போய்ப் பார்த்தோம். இந்தச் சிகிச்சைக்கு நீர் 33 முதல் 36 டிகிரி வரை இருக்க வேண்டும். அங்கே விரல் வைத்ததுமே சில்லென்றது. இறங்குவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி மட்டும். வீட்டுப் படியே ஏற முடியாதவர் அதில் எப்படி இறங்குவார்? நீச்சல் உடை கட்டாயம் என்றதும் அம்மா வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார், அந்தக் காலோடு!

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் சாய்தளமும் பிசியோதெரபிஸ்டும் உள்ள குளம் தெரிந்தால் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனி நேரம், கட்டணம், பஸ் வசதி ஆகியவற்றையும் எழுதுங்கள். மருத்துவக் காப்பீட்டில் யாருக்காவது பணம் கிடைத்ததா?