டப்ளின் அக்கா பார்த்த நாடகம்

குழு: தாத்தா வீடு
2025 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, மதியம் 1.34

டப்ளின் அக்கா: [புகைப்படம்]

டப்ளின் அக்கா: நேற்று எனக்கு இரவுப் பணி இல்லை. டேம் தெருவில் இருக்கும் ஒலிம்பியா அரங்கில் ‘தி வியர்’ நாடகம் பார்த்தேன். பிரெண்டன் கிளீசன் நடிக்கிறார். வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

தம்பி: மேட் ஐ மூடியா!! ஹாரி பாட்டரில் ஒரு கண் மட்டும் தனியாகச் சுழலுமே, அவர்தானே அக்கா?

டப்ளின் அக்கா: அவரேதான்டா.

சித்தி: எனக்கு ஆள் பிடிபடவில்லையே.

நான்: ‘ட்ராய்’ படத்தில் ஹெலனின் கணவன் மெனலாஸ், சித்தி. பாரிஸோடு ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடுவாரே.

சித்தி: ஓ, அந்தத் தாடிக்காரரா! சரி சரி. நாடகம் எதைப் பற்றி?

டப்ளின் அக்கா: கானர் மெக்ஃபெர்சன் எழுதியது சித்தி. ஒரு கிராமத்து மதுக்கடை, வெளியே பேய்க்காற்று. உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் பேய்க்கதை சொல்கிறார்கள். கிளீசனுக்கு ஜாக் என்று ஒரு வேடம். வயதானவர், கராஜ் வைத்திருப்பவர், கல்யாணம் ஆகாதவர். கடைசியில் அவர் சொல்லும் கதையில் பேயே கிடையாது. காதலித்த பெண் டப்ளினுக்குப் போய்விடுகிறாள், இவர் ஊரை விட்டு நகரவில்லை. பிறகு அவளுடைய கல்யாணத்துக்கே போகிறார். அங்கே இருக்க முடியாமல் வெளியே வந்து, முன்பின் தெரியாத ஒரு கடையில் போய் உட்காருகிறார். கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு சாண்ட்விச் செய்து கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை.

டப்ளின் அக்கா: அந்த சாண்ட்விச்சைப் பற்றி அவர் பேசும்போது அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

பெரியப்பா: அவருக்கு என்ன வயது அம்மா?

டப்ளின் அக்கா: 1955இல் பிறந்தவர் பெரியப்பா. எழுபது ஆகிவிட்டது. டப்ளின் மேடையில் கடைசியாக 2015இல் தன் மகன்கள் டோனல், பிரையன் இருவரோடும் சேர்ந்து நடித்தார். அதற்குப் பிறகு இப்போதுதான்.

டப்ளின் அக்கா: உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

பெரியப்பா: அப்படியா! என்ன பாடம்?

டப்ளின் அக்கா: டப்ளினுக்கு வடக்கே பெல்காம்ப் கல்லூரி என்று ஒரு மேல்நிலைப் பள்ளி. ஐரிஷ் மொழியும் ஆங்கிலமும் எடுத்தார். கணக்கும் உடற்பயிற்சியும்கூட. 1991இல்தான் வேலையை விட்டு முழுநேர நடிகரானார். அந்தப் பள்ளி இப்போது இல்லை, 2004இல் மூடிவிட்டார்கள்.

பெரியப்பா: 1955இல் பிறந்து 1991இல் வேலையை விட்டாரா? முப்பத்தாறு வயது! குடும்பம்?

டப்ளின் அக்கா: டோனல் பிறந்தது 1983இல். அப்போது பையனுக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கீழும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பெரியப்பா: மாதாமாதம் சம்பளம் வரும் வேலையை அந்த வயதில் விடுவது பெரிய துணிச்சல். நல்ல நேரமும் கூடி வந்திருக்கிறது.

டப்ளின் அக்கா: துணிச்சல் உண்மைதான் பெரியப்பா. நேரம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் பல வருடம் பகலில் பள்ளி, மாலையில் நாடகம் என்று இருந்திருக்கிறார். ‘பேஷன் மெஷின்’ என்று ஒரு நாடகக் குழு. 1984இல் பால் மெர்சியர் ஆரம்பித்தது. வடக்கு டப்ளின் சாதாரண மக்களை, அவர்கள் பேசும் பேச்சிலேயே மேடையேற்றினார்கள். நாடகத்துக்கே போகாதவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். மெர்சியரும் ஆசிரியர். எழுத்தாளர் ராடி டாய்லின் முதல் நாடகத்தை 1987இல் அந்தக் குழுதான் போட்டது, அதில் கிளீசன் நடித்தார். ராடி டாய்லும் அப்போது பள்ளி ஆசிரியர்தான்.

பெரியப்பா: மூன்று வாத்தியார்கள்!

டப்ளின் அக்கா: ஆமாம். கிளீசன் அந்தக் குழுவுக்காகத் தானே மூன்று நாடகங்களும் எழுதியிருக்கிறார், அதில் இரண்டு வேலையை விடுவதற்கு முன்பே. 1991இல் வேலையை விட்டபோது அவர் புதியவர் இல்லை. வெளியே தெரியாதவர், அவ்வளவுதான்.

பெரியப்பா: நாற்பது பையன்களை மதியம் மூன்று மணிக்கு வகுப்பில் விழித்திருக்க வைப்பவனுக்கு மேடை பயம் இருக்காது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பி: சினிமாவுக்கு எப்படி வந்தார்? பிரேவ்ஹார்ட்தானே முதல் படம்?

டப்ளின் அக்கா: இல்லைடா. 1990இல் ‘தி ஃபீல்ட்’ படத்தில் ஒரு சின்ன வேடம். அடுத்த வருடம் ‘தி ட்ரீட்டி’ என்று ஒரு தொலைக்காட்சிப் படம், அதில் அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸாக நடித்தார். அயர்லாந்தில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தது அதில்தான். பிரேவ்ஹார்ட் 1995இல். மெல் கிப்சனுக்குப் பக்கத்தில் கல் தூக்கி எறியும் ஹேமிஷ்.

நான்: 1996இல் காலின்ஸைப் பற்றிப் பெரிய படமாகவே எடுத்தார்கள். அதில் லியம் நீசன் காலின்ஸ், கிளீசன் அவருடைய ஆட்களில் ஒருவர். ஐந்து வருடம் முன்பு தான் செய்த வேடத்தை இன்னொருவர் செய்ய, பக்கத்தில் நின்று நடித்திருக்கிறார். எனக்கு அது பெரிய மனதாகத் தெரிகிறது.

தம்பி: ஆனால் பெரிய பிரேக் பிரேவ்ஹார்ட்தான். உலகமே பார்த்த படம்.

டப்ளின் அக்கா: உலகம் பார்த்தது கிப்சனைத்தான் தம்பி. கிளீசனைப் பார்க்க வேண்டுமானால் 1998இல் வந்த ‘தி ஜெனரல்’. மார்ட்டின் கஹில் என்ற டப்ளின் கொள்ளைக்காரனின் கதை. 1994இல் டப்ளினின் ரனெலா பகுதியில் காரில் இருந்தபோது அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வேடத்தில் கிளீசனைப் பார்த்தால் அவன் செய்யும் கொடுமையும் தெரியும், அவன் பிள்ளைகளோடு இருக்கும்போது வரும் குழைவும் தெரியும். இரண்டில் எதையும் அவர் மறைக்கவில்லை. படம் கறுப்பு வெள்ளை. ஜான் பூர்மனுக்குக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

நான்: கஹில் அந்த பூர்மன் வீட்டிலேயே திருடியவன்! அவருக்குப் பாட்டுக்காகக் கிடைத்த தங்க இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தத் திருட்டையும் படத்தில் வைத்திருக்கிறார்.

சித்தி: தன் வீட்டில் திருடியவனைப் பற்றியே படமா! அதையும் இவ்வளவு நன்றாக எடுக்க மனது வர வேண்டுமே.

தம்பி: சரி அக்கா, தி ஜெனரல் பார்க்கிறேன். அப்புறம்?

நான்: ‘28 டேஸ் லேட்டர்’ பார். நடிகர் கிலியன் மர்ஃபியைப் பெரிய அளவில் வெளியே கொண்டுவந்த படம். கிளீசன் அதில் லண்டன் டாக்ஸி ஓட்டுநர், கூடவே சின்ன மகள். ஒரு துளி ரத்தம் அவர் கண்ணில் விழுந்துவிடும். நோய் தொற்றிவிட்டது, இருப்பது சில நொடிதான். அதற்குள் மகளிடம் அன்பைச் சொல்ல வேண்டும், அவளைத் தள்ளி நிற்கவும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே குரலில் செய்கிறார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா: காலின்ஸாக நடித்தவர் என்றாயே அம்மா. பிரிட்டனும் அயர்லாந்தும் போட்ட 1921 ஒப்பந்தத்தை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். லண்டன் மேசையில் காலின்ஸுக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் சர்ச்சிலும் ஒருவர்.

டப்ளின் அக்கா: பெரியப்பா!! அவர் சர்ச்சிலாகவும் நடித்திருக்கிறார். 2009இல் ‘இன்டு தி ஸ்டார்ம்’ என்று ஹெச்பிஓ எடுத்த படம். அதற்கு எம்மி விருது.

பெரியப்பா: மேசையின் இரண்டு பக்கமும் அவரே உட்கார்ந்துவிட்டாரா! அற்புதம்.

சித்தி: நீ வேலை பார்க்கும் பக்கம் எல்லாம் அவரை நேரில் பார்க்க முடியுமா?

டப்ளின் அக்கா: நான் பார்த்ததில்லை சித்தி. ஆனால் எங்களைப் போன்ற நர்ஸ்களிடம் அவர் பெயருக்கு மரியாதை உண்டு. 2006இல் ‘லேட் லேட் ஷோ’ என்ற ஐரிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பட விளம்பரத்தோடு நிறுத்தாமல், மருத்துவமனைகளில் முதியவர்கள் தள்ளுவண்டியிலேயே கிடப்பதைப் பற்றிக் கொதித்துப் பேசினார். தன் அப்பா அம்மா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர். ராஹேனியில் இருக்கும் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹாஸ்பிஸுக்கு வருடக்கணக்காகத் துணை நிற்கிறார். இறுதி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம்.

சித்தி: பெற்றவர்களை நினைத்துப் பேசுகிறவர் நல்லவராகத்தான் இருப்பார்.

நான்: இயக்குநர் மார்ட்டின் மெக்டோனாவைச் சொல்லாமல் விடக்கூடாது அக்கா. 2004இல் ஒரு குறும்படம், ‘சிக்ஸ் ஷூட்டர்’. ட்ராய் வந்த அதே வருடம்! அவ்வளவு பெரிய படத்தில் இருந்தவர், அதுவரை படமே இயக்காத ஒருவருடைய குறும்படத்துக்கு வந்தார். அது ஆஸ்கர் வாங்கியது. அதே இயக்குநரோடு 2008இல் ‘இன் ப்ரூஜ்’, 2022இல் ‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’. இரண்டிலும் காலின் ஃபாரல் ஜோடி.

டப்ளின் அக்கா: பான்ஷீஸில் பிடில் வாசிப்பது அவரேதான். படத்தில் அவர் உருவாக்கும் மெட்டும் அவர் நிஜமாகவே போட்ட மெட்டு. அந்தப் படத்தில் நடித்ததற்குத்தான் முதல் ஆஸ்கர் பரிந்துரை வந்தது, அறுபத்தேழு வயதில். அந்த வருடம் நடிப்புக்கு மட்டும் ஐந்து ஐரிஷ்காரர்கள்: ஃபாரல், பால் மெஸ்கல், கிளீசன், பாரி கியோகன், கெரி காண்டன். இங்கே எங்கே போனாலும் அதே பேச்சு.

தம்பி: நாட்டு நாட்டு ஜெயித்த அதே இரவு!

டப்ளின் அக்கா: ஆமாம்டா. ஐந்து பேரில் யாருக்கும் கிடைக்கவில்லை, எனக்கு மனது ஆறவே இல்லை. மறுநாள் வார்டில் பாட்டிகள்தான் என்னைத் தேற்றினார்கள்.

பெரியப்பா: இன்று மாலை அந்த ஜெனரல் படத்தைப் போடச் சொல்கிறேன். சித்தியும் வருவதாகச் சொல்கிறாள்.

சித்தி: கடைசியில் அவன் செத்துவிடுவானா? முதலிலேயே சொல்லிவிடு, எனக்கு மனது தாங்காது.

டப்ளின் அக்கா: படம் ஆரம்பிப்பதே அவன் சாவில்தான் சித்தி. அதற்குப் பிறகுதான் கதை பின்னால் போகும். பயப்படாமல் பாருங்கள்.

டப்ளின் அக்கா: நான் கிளம்புகிறேன். இன்று பகல் ஷிப்ட், பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தி: சாப்பிட்டாயா கண்ணு?

டப்ளின் அக்கா: இன்னும் இல்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி: அதெல்லாம் வேண்டாம். பிரெட் இருக்குமே, ஒரு சாண்ட்விச்சாவது செய்து சாப்பிட்டுவிட்டுப் போ.