கெரி ஜேம்ஸ் மார்ஷலின் கறுப்பு: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உரும்பிராய்ப் பிள்ளை:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிக்கிறேன், இறுதி ஆண்டு. எங்கள் ஊர்ப் பெண்களைப் பெரிய கன்வஸில் கீறிக்கொண்டிருக்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற பெரியம்மா, அவருடைய கூட்டாளிகள். வெயிலில் கறுத்த முகம், காலடியில் செம்மண். அந்த நிறம்தான் எனக்கு வேண்டும். ஆனால் முகம் தட்டையாக, உயிரில்லாமல் வருகிறது. வெளிச்சம் காட்டலாம் என்று வெள்ளையைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடுகிறது. அப்புறம், பெரியம்மா வந்து பார்த்துவிட்டு "ஏன் பிள்ளை என்னை இவ்வளவு கறுப்பாய்க் கீறி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது.

ஒரு தோழி அமெரிக்க ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷலின் படங்களைக் கைபேசியில் காட்டினாள். ஆட்கள் முழுக் கறுப்பு, ஆனாலும் அவ்வளவு உயிர். அவர் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் கீறினாரா? இன்னொன்று, அவரைச் சமூக அக்கறையுள்ள ஓவியர் என்கிறார்கள். நான் பார்த்த படங்களில் முடிதிருத்தும் கடை, புல்வெளி, படகு என்றுதான் இருக்கிறது. போராட்டம் அதிகம் காணவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில் சித்திர வாத்தியார்:

தங்கச்சி, பெரியம்மா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பாடசாலையில் படிப்பிக்க வருவதற்கு முன் நான் ஒரு ஸ்டூடியோவில் அல்பம் வேலை செய்தேன். சாமத்திய வீடோ கலியாண வீடோ, படத்தைக் கணினியில் ஏற்றியதும் முதல் வேலை பெண் பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்குவது. யாரும் சொல்லத் தேவையில்லை, அதுதான் வழக்கம். முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த அல்பத்தை ஆயுள் முழுக்க வைத்திருக்கப் போகிறது. கறுப்பாகவும் வடிவாகவும் இருக்கிற ஒருவரின் படத்தை உங்கள் பெரியம்மாவுக்கு இவ்வளவு காலமும் யாரும் காட்டவில்லை. மார்ஷல் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

அவர் 1955 இல் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963 இல் குடும்பம் லொஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தது. பள்ளிப் பையனாக இருக்கும்போதே சார்ல்ஸ் வைட் என்ற கறுப்பின ஓவியரின் வேலையிடத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பாதி முடித்த படங்களும் சுவரில் குத்திய வரைவுகளுமாக ஓர் ஓவியர் எப்படி வேலை செய்கிறார் என்று அங்கே கண்டார். பிறகு ஓடிஸ் கலைக் கல்லூரியில் அவரிடமே படித்து 1978 இல் பட்டம் பெற்றார். கற்பித்தவர் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்டரிடம் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் தொடக்கத்தில் அவர் இப்படிக் கீறவில்லை. அந்தக் காலத்தில் துண்டுகளை வெட்டி ஒட்டுகிற கொலாஜும், உருவமில்லாத அரூப வேலையும்தான் செய்தார். திருப்பம் 1980 இல் வந்தது. எட்டு அங்குல உயரம், ஆறரை அங்குல அகலம், ஒரு கடதாசித் துண்டு. முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வர்ணம். கறுப்புப் பின்னணியில் கறுப்பு மனிதன், கறுப்புத் தொப்பி. கண்ணின் வெள்ளையும் பல்லும் சட்டையின் ஒரு முக்கோணமும்தான் முதலில் தெரியும். கண் எதிரில் நின்றும் யாருக்கும் தெரியாத மனிதனைப் பற்றி ரால்ப் எலிசன் எழுதிய நாவல் அதற்குத் தூண்டுகோல். 'தன் முன்னைய உருவின் நிழலாக ஓவியர்' என்பது மாதிரியான தலைப்பு. அந்தச் சின்னப் படத்தில் எடுத்த முடிவை அவர் பிறகு கைவிடவே இல்லை. நிறத்தைக் குறைக்க மாட்டேன், மண்ணிறமாக்கிச் சமாதானம் பேச மாட்டேன் என்ற முடிவு.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புக்குள் ஆழம் கொண்டுவர வருடக்கணக்கில் உழைத்தார். உங்களுக்குப் பயன்படப்போவது இந்தப் பகுதிதான். அவர் ஒரு கறுப்பை வைத்து வேலை செய்யவில்லை. ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் கோபால்ட் நீலம், குரோம் ஒக்சைட் பச்சை, ஊதா என்று சிறிது கலந்து பல கறுப்புகளாகப் பிரிக்கிறார். ஒன்று சூடு, ஒன்று குளிர். கன்னமும் மூக்கும் அந்த வித்தியாசத்தில்தான் எழும்பி நிற்கின்றன. நீங்கள் வெள்ளையை எடுத்து வையுங்கள். நிழல் பக்கம் நீலம் கலந்த கறுப்பு, வெயில் பக்கம் காவி கலந்த கறுப்பு என்று தொடங்கிப் பாருங்கள். மார்ஸ் பிளாக் இரும்பு ஒக்சைட்டில் செய்வது. எங்கள் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஒக்சைட்தான், அதனால் உங்கள் படத்தில் முகமும் நிலமும் ஒன்றுக்கொன்று ஒத்து வரும். ஆனால் அவரை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவருடைய முழுக் கறுப்பு ஒரு நிலைப்பாடு. உங்கள் பெரியம்மா ஓர் ஆள், அவருடைய சாயல் உங்களுக்கு வேண்டும்.

1987 இல் சிக்காகோவுக்குப் போனார். 1993 இல் அந்த முடிதிருத்தும் கடைப் படம், மூன்று மீற்றர் அகலம். ஐரோப்பிய ஓவியர்கள் அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் ஒதுக்கிய அளவை முடி வெட்ட வந்த பெடியன்களுக்குக் கொடுத்தார். அடுத்த இரண்டு வருடங்களில் அரசாங்கத் தொடர்மாடிக் குடியிருப்புகளைப் பற்றி ஐந்து படங்கள். சிறுவயதில் அவரே அப்படி ஒன்றில் இருந்தவர். அந்த இடங்கள் என்றாலே துப்பாக்கி, போதை என்றுதான் செய்தி. அவர் கீறியது வெள்ளைச் சட்டையும் ரையும் கட்டி மண் கொத்திப் பூ நடுகிற மூன்று ஆண்களை. நீங்கள் தேடுகிற போராட்டம் இதுதான். எங்களையும் வெளியே இருந்து வருகிற கமரா இடிந்த சுவர், அழுகிற தாய் என்று மட்டும்தானே தேடுகிறது. வெங்காயம் பிடுங்குகிற பெண்ணைக் கன்வஸ் நிறைய நிமிர்ந்து நிற்கவிடுவது சின்ன வேலை இல்லை.

பண்ணைப் பாலம்:

எல்லாம் சரி. ஆனால் இவருடைய ஒரு படம் 2018 ஏலத்தில் 2 கோடி 11 லட்சம் டொலருக்குப் போனது. வாங்கினவர் பெரும் பணக்காரர். ஏழைச் சனத்தின் வாழ்க்கை கடைசியில் பணக்காரன் வீட்டுச் சுவரில். இதை எப்படிச் சமூக அக்கறை என்று சொல்வது?

கொக்குவில் சித்திர வாத்தியார்:

நியாயமான கேள்வி, அண்ணை. விற்றது மார்ஷல் இல்லை. சிக்காகோவின் மாநாட்டு மண்டபங்களை நடத்துகிற பொது நிறுவனம் 1997 இல் 25,000 டொலருக்கு வாங்கியிருந்த படம் அது. இலாபமும் அவர்களுக்குத்தான்.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 1995 இல் சிக்காகோவின் ஓர் ஏழைப் பகுதியின் பொது நூலகத்துக்கு அவர் ஒரு பெரிய சுவரோவியம் செய்துகொடுத்தார். பிள்ளைகளும் பெரியவர்களும் முதுகைக் காட்டி நின்று, தங்களைவிடப் பெரிய புத்தகங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த ஏலத்தின் விலையைப் பார்த்த நகர நிர்வாகம் அதே 2018 இல் இதையும் ஏலத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பணத்தில் நூலகத்தைத் திருத்துவார்களாம். மார்ஷல் வெளிப்படையாகவே கண்டித்தார், எதிர்ப்பு வலுத்தது, விற்பனையை நிறுத்தினார்கள். 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் படத்தை என்னால் வெறும் படமாகப் பார்க்க முடியவில்லை. ஒரு நூலகத்தில் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர வேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கக்கூடாது.

2023 இல் வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்குக் கண்ணாடி யன்னல்கள் செய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகள் லீ, ஜாக்சன் இருவருக்கும் முன்பு யன்னல் இருந்த இடம் அது. இப்போது அங்கே பதாகை பிடித்த கறுப்பின மக்கள் நடக்கிறார்கள். தங்கச்சி தேடிய ஊர்வலம் அங்கே இருக்கிறது. அதற்கு அவர் வாங்கிய கூலி 18 டொலர் 65 சதம். அடிமை முறை முடிந்த 1865 ஐ நினைத்து வைத்த தொகை.

லண்டனில் ஒரு கோண்டாவில்:

நான் 2025 இல் றோயல் அக்கடமியில் நடந்த அவருடைய கண்காட்சிக்குப் போனேன். கைபேசியில் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். திரையில் ஒரே இருட்டாகத் தெரிகிற முகத்துக்குள் நேரில் நின்றால் நெற்றி, இமை, உதட்டு ஓரம் எல்லாம் மெல்லத் தெரிய வரும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

என்னை அசைத்தது அங்கே இருந்த புதிய வரிசை. ஆபிரிக்காவில் மனிதரைப் பிடித்து விற்றதில் ஆபிரிக்கர்களுக்கும் இருந்த பங்கைக் கீறியிருக்கிறார். நாற்பது வருடம் தன் மக்களைக் கம்பீரமாக நிறுத்திய பிறகு, எழுபது வயதில் அந்த மக்களின் வரலாற்றில் கசப்பான பக்கத்தையும் திறக்கிறார். இதற்குத் துணிவு வேண்டும்.

தங்கச்சி, அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கீறுகிற பெண்கள் நிற்கிற காணி யாருடையது? யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள், யாருக்குத் தனிக் குவளை? நிறத்தோடு சேர்த்துத்தான் எங்கள் ஊரில் சாதியும் பேசப்படுகிறது. அதைத் தொடாமல் அந்தப் படம் முழுமையாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உரும்பிராய்ப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. லண்டன் அக்கா கேட்டதைப் பெரியம்மாவிடமே கேட்டேன். நிறையக் கதைத்தார். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய கதை. ஆனால் நான் யோசித்திருந்த பின்னணி மாறப்போகிறது. காணியின் வேலியும் கிணறும் படத்துக்குள் வரும்.

வாத்தியார், மார்ஸ் பிளாக் இங்கே கடையில் கிடைக்கவில்லை. வெறும் ஐவரி பிளாக்தான் இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

கொக்குவில் சித்திர வாத்தியார்:

தாராளமாக. ஐவரி பிளாக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அல்ட்ராமரின் நீலம், மற்றதில் செம்பழுப்பு நிறமான பேர்ண்ட் சியன்னா என்று தனித்தனியாகக் கலந்து இரண்டு கறுப்பு செய்யுங்கள். பெரிய கன்வஸைத் தொடாமல், உள்ளங்கை அளவுக் கடதாசியில் பெரியம்மாவின் முகத்தை மட்டும் அந்த இரண்டாலும் நாலைந்து தரம் கீறுங்கள். காலையில் யன்னலோரம் உட்காரவைத்துக் கீறினால் நல்லது. அக்ரிலிக் வர்ணம் என்றால் காய்ந்த பிறகு நிறம் இன்னும் இருட்டும், அதைக் கணக்கில் எடுங்கள். படம் பிடித்து இங்கே போடும்போது பிளாஷ் போடாதீர்கள்.