செகண்ட் லைன் பீச்சில் முதல் அத்தோ: உங்கள் கதை என்ன?

பாரிமுனைக்காரன்:

1998-ல் என் முதல் வேலை சென்னை ராஜாஜி சாலையில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் துறைமுக கேட்டுக்கும் நடையாய் நடக்க வேண்டும். ஒரு கையெழுத்து காலையில் விழுந்தால் அடுத்தது விழ சாயங்காலம் ஆகிவிடும். மதியம் தின்ற டப்பா சோறு அதற்குள் எங்கே போனதென்றே தெரியாது.

அப்படி ஒரு நாள் ஏழு மணிக்கு வெளியே வந்தபோது கூட வேலை பார்த்த அண்ணன், "வாடா, அத்தோ துன்னலாம்" என்றார். எனக்கு அது "அதோ" என்று காதில் விழுந்தது. எதைக் காட்டுகிறார் என்று தெரு முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

செகண்ட் லைன் பீச்சைப் பகலில் பார்த்தவர்களுக்கு அது வேறு தெரு. ஷிப்பிங் ஆபீஸ், பேங்க், மீன்பாடி வண்டி, லோடு இறக்குபவர்களின் சத்தம். பொழுது சாய்ந்து ஷட்டர்கள் இறங்கியதும் தள்ளுவண்டிகள் வந்து பெட்ரோமாக்ஸோ பல்போ எரியத் தொடங்கும். நடுவில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவியல், அதைப் பிசைந்து தருவதுதான் அத்தோ. பக்கத்தில் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர்ப் பாத்திரம், பேஜோ அடுக்கிய தகர டின். நம்ம ஊர் தட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் இந்தப் பேஜோ.

அண்ணன் இரண்டு பிளேட் சொன்னார். கடைக்காரர் ஒரு எவர்சில்வர் பேசினில் நூடுல்ஸை அள்ளிப் போட்டார். அப்புறம் கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு காய்ந்த எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, புளி, நொறுக்கிய பேஜோ. எல்லாம் ஐந்தாறு நொடிதான். "காரம் தூக்கலா?" என்று கேட்டுக்கொண்டே கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளினார். ஆவி பறக்கும் என்று நினைத்து வாயில் வைத்தால் ஆறிப்போய் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் வைத்த வாழைத்தண்டு சூப்பை ஒரு வாய் குடித்து மறுபடி நூடுல்ஸுக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. புளிப்பும் மொறுமொறுப்பும் ஆறிய நூடுல்ஸில், சூடும் மிளகும் சூப்பில். தனித்தனியாகச் சாப்பிட்டால் இரண்டுமே சுமார்தான்.

முட்டையில்தான் மானம் போனது. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி அடைத்து, புளித்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். நான் டீசன்டாகப் பாதி கடித்தேன். மிச்சப் பாதியில் இருந்தது எல்லாம் சட்டைக்கு வந்தது. மறுநாள் போட்டுப்போக இருந்த ஒரே வெள்ளைச் சட்டை.

சரி, உங்களுக்கு எப்படி? எங்கே, யார் கூட்டிப்போனார்கள்?

தயிர்சாதம்:

நான் ஒருமுறைதான் சாப்பிட்டேன், மூன்று நாள் படுத்தேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அவர் மேல் தப்பும் இல்லாமல் இருக்கலாம். அதற்கு முன்னால் மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச்சும் பாதாம் பாலும் ஆகியிருந்தது. ஆனால் ஒன்று, அன்று இரவு பத்து மணிக்கு மேல் போனேன், கூட்டமே இல்லை. சூப்புப் பானையின் அடியில் தீ அணைந்திருந்தது. இப்போது நண்பர்களோடு போனால் நான் பார்ப்பது அது ஒன்றைத்தான். பானை கொதிக்கிறதா? கொதித்தால் சூப் மட்டும் குடிப்பேன்.

வியாசை மருமகள்:

பாரிமுனைக்காரர் எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுல சென்னாகுனி எங்க?" என்றார். சென்னாகுனி என்றால் காய்ந்த பொடி இறால்.

அவர் ரங்கூனில் பிறந்தவர். 1965-ல் கப்பலில் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது ஒன்பது வயது. அப்பாவுக்கு அங்கே சின்ன மளிகைக் கடை இருந்திருக்கிறது. 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். "எங்கப்பா பெட்டியில இருந்ததுல நாங்க கப்பல் செஞ்சு விளையாடினோம்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

அப்படி வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அவர்களில் கொஞ்சம் பேருக்குப் பிழைப்புக்காகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1969 வாக்கில் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் வாங்கப் போன கூட்டத்துக்குப் பின்னால் அத்தோ வண்டியும் வந்தது. கடை வைக்க முடியாதவர்கள் தெரிந்த சமையலை வண்டியில் வைத்தார்கள் என்பது மாமியாரின் விளக்கம்.

அவர் செகண்ட் லைன் பீச்சில் இதுவரை ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. கௌரவம் எல்லாம் கிடையாது. "அது அத்தோ இல்ல, கோஸ் பொரியல்" என்பது அவர் தீர்ப்பு. அவர் வீட்டில் செய்யும் அத்தோவில் கோஸ் பேருக்குத்தான் இருக்கும். வறுத்த கடலை மாவு, பொடித்த சென்னாகுனி, பூண்டெண்ணெய், புளி, எலுமிச்சை. "தோ"ன்னா பர்மா பாஷையில் பிசையறதும்மா, கரண்டி போட்டா அது அத்தோ ஆகுமா என்று கேட்பார். நான் ஒருமுறை ஃபோர்க்கால் கிளறினேன். தட்டைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அழுதே விட்டேன்.

வாழைத்தண்டு சூப்பைப் பற்றி இன்னொன்று. அது மொய்ங்காவில் இருந்து வந்தது. பர்மாவில் மொய்ங்கா காலைச் சாப்பாடு. மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கொதிக்கவைத்து, நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். இங்கே வண்டியில் கிடைக்கும் சூப்பில் பெரும்பாலும் மீன் கிடையாது, வேளையும் சாயங்காலமாக மாறிவிட்டது. "மீனை எடுத்துட்டு தண்ணிய வித்தா சூப்பு" என்பது மாமியார். எனக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும், அவரிடம் சொன்னதில்லை.

பதினாறு சக்கரம்:

நீங்கள் எல்லாம் நின்று சாப்பிட்ட கதை சொல்கிறீர்கள். நான் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்ட கதை.

கன்டெய்னர் ஓட்டுகிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வரிசை நின்றால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அத்தோ சாப்பிடப் பாரிமுனைக்கு எங்கே போவது? பத்தடி இறங்கினால் முன்வண்டி நகர்ந்துவிடும், பின்வண்டிக்காரர் ஹாரனில் படுத்துவிடுவார். அதனால் எங்கள் நைட் மார்க்கெட் சக்கரத்தில் வரும். சைக்கிளில் டீ கேன், கேரியரில் சம்சா. இன்னொருவர் இட்லி, வடகறி கொண்டுவருவார். கேபின் ஜன்னல் உயரத்துக்குக் கை நீட்டித் தருவார்கள், நாங்கள் மேலிருந்து காசைப் போடுவோம். முகம் சரியாகத் தெரியாது. நான் நாலு வருஷமாக டீ வாங்கியவரின் தலை உச்சி எனக்கு நன்றாகத் தெரியும், நரைத்ததுகூடத் தெரியும். ஒரு பொங்கல் சமயம் ரோட்டில் நேருக்கு நேர் வந்து "இன்னா டிரைவரே" என்றபோது எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

வரிசை நகராத ராத்திரியில் காசிமேடு பக்கம் இருந்து மீன் வாசனை வரும். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே அங்கே ஏலம் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கூடைக்காரம்மாக்களுக்காகவே கடைகள் திறந்திருக்கும். ஒருமுறை வண்டியை கிளீனரிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் சுறாப்புட்டு சாப்பிட்டேன். மஞ்சள் போட்டு வேகவைத்து உதிர்த்து, இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு வதக்கியது. திரும்பி வந்தால் வண்டி அதே இடத்தில்தான் நின்றது. இன்னொரு பிளேட் சாப்பிட்டிருக்கலாம்.

எல்லையில் இருந்தவன்:

வியாசை மருமகளின் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். வேலை நிமித்தம் மணிப்பூரில் சில காலம் இருந்தேன். பர்மா எல்லையில் மோரே என்று ஒரு ஊர். இம்பாலில் இருந்து மலைப்பாதையில் நாள் பாதி போகும். அங்கே போய் இறங்கினால் அங்காள பரமேஸ்வரி கோயில், கோபுரத்தோடு! தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இங்கே வந்தவர்களில் சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் தரைவழியாக பர்மாவுக்கே திரும்பப் போனார்களாம், எல்லையில் விடவில்லை, அப்படியே தங்கிவிட்டார்கள் என்று கோயில் வாசலில் ஒரு பெரியவர் சொன்னார்.

அங்கே ஒரு வீட்டுக் கடையில் காலையில் இட்லி சாம்பார், பக்கத்து மேசையில் மொய்ங்கா. மீனோடுதான். இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டேன், வாங்கியதில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பாரிமுனைக்காரன்:

கதை கேட்கலாம் என்று ஆரம்பித்தேன், இப்போது பசிக்கிறது. போன சனிக்கிழமை மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்தே போனேன். பழைய கடைக்காரர் இல்லை. அவர் இடத்தில் நிற்பவர் கையுறை போட்டுப் பிசைகிறார். ஃப்ரை அத்தோ, சிக்கன் அத்தோ என்று தகடு எழுதித் தொங்குகிறது. தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் முதலில் போனில் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், இது ஆறிப்போகிற கவலை இல்லாத பண்டம்.

மாமியார் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். "சென்னாகுனி போட மாட்டீங்களாண்ணே?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "யாரு வீட்ல பர்மா?" என்றார். எங்கள் வீட்டில் இல்லை, தெரிந்தவர்கள் வீட்டில் என்றேன். "எங்கம்மா இருந்தவரைக்கும் போட்டாங்க. நாத்தம் அடிக்குதுன்னு கஸ்டமர் சொல்ல ஆரம்பிச்சாங்க, வுட்டுட்டோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்த ஆயாவ கூட்டினு வாங்க. மொத நாளே சொல்லிட்டா வீட்லேர்ந்து இடிச்சு எடுத்தாறேன்" என்றார்.

முட்டையை இந்தத் தடவை முழுசாகத்தான் போட்டேன். நெஞ்சில் அடைத்துக்கொண்டது. சூப் காப்பாற்றியது.

வியாசை மருமகள்:

மாமியாரிடம் சொன்னேன். கோஸ் பொரியல் என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால் வாயே திறக்கவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அந்தக் கடையில உக்கார ஸ்டூல் இருக்கான்னு அவரக் கேளு, எனக்கு முட்டி வலிக்கும்" என்றார்.

இருக்கிறதா?